கறுப்பிக்கு இரட்டைக் கதவு வேண்டும்

எங்கள் பேட்டையின் பூங்காவையும், அதில் நாய்களைக் கயிறில்லாமல் ஓடவிடும் வேலியடைத்த இடமான டாக் ரன்னையும் பராமரிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் நாய் கறுப்பி டாக் ரன்னிலிருந்து வெளியே ஓடிவிட்டாள். அங்கே ஒரே கதவு, அதன் கொண்டியும் சரியாக விழுவதில்லை. இதைப் பற்றி இரண்டு முறை எழுதிவிட்டேன், படம் எடுத்தும் அனுப்பினேன். "கவனத்தில் கொள்ளப்பட்டது" என்று இரண்டு முறையும் பதில் வந்தது. அதனால் பழைய கதை வேண்டாம். அன்றைக்கு நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

விடிந்தும் விடியாத நேரம். யாரும் இல்லை என்று பார்த்துத்தான் கயிற்றைக் கழற்றினேன். கறுப்பி முதலில் வேலியோரமாக மோப்பம் பிடித்துக்கொண்டே போவாள், அப்புறம் திடீரென்று காதைப் பின்னால் மடித்துக்கொண்டு வட்டம் வட்டமாக ஓடுவாள். அந்த இரண்டு நிமிடத்துக்காகத்தான் நாங்கள் அங்கே வருகிறோம். மூன்றாவது வட்டத்தில் ஒருவர் தன் பெரிய நாயோடு கதவைத் தள்ளினார். அவர் மேல் தப்பில்லை. கதவு திறந்த அந்த நொடியில் அவர் காலுக்கு இடையில் நுழைந்து போய்விட்டாள். சாலையில் ஒரு கார் ஹார்ன் அடித்தது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

நாலு மணி நேரம் தேடினோம். புல் வெட்டிக்கொண்டிருந்த பட்டுக்கோட்டைத் தம்பி ஒருவர்தான் மெஷினை நிறுத்திவிட்டு வந்து, "அக்கா, கறுப்பு நாயா? பாலத்துக்குக் கீழே படுத்திருக்கு" என்றார். கால்வாய்ச் சரிவில், சிமெண்டோடு சிமெண்டாக ஒட்டிக் கிடந்தாள். கூப்பிட்டால் வரவில்லை. என் கறுப்பி, என் குரலுக்கு வரவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு, அவளைப் பார்க்காமல், ஈரத்தில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் மூக்கால் என் முழங்கையைத் தொட்டாள். பாதத்தில் தோல் உரிந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. இப்போது வீட்டுக் கதவைத் திறந்தாலே கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறாள். இரண்டு வருஷம் பழக்கியதெல்லாம் ஒரு கொண்டியால் போனது.

துவாஸ் பக்கம் தொழிற்சாலைகளுக்கு நடுவே பிறந்து வளர்ந்தவள் அவள். நாம் சிங்கப்பூர் ஸ்பெஷல் என்று செல்லமாகச் சொல்லும் கலப்பின நாய். இப்படிப்பட்ட நாய்களை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் தத்தெடுக்க வழிசெய்யும் அடோர் திட்டத்தில்தான் எங்கள் வீட்டுக்கு வந்தாள். முன்பு 15 கிலோவுக்கு மேல் இருந்தால் முடியாது என்று இருந்தது. 2020ல் அந்த எடை வரம்பை எடுத்து, உயரத்தையும் 55 சென்டிமீட்டர் வரை அனுமதித்தார்கள். நல்ல முடிவு. அது இல்லாவிட்டால் 18 கிலோ கறுப்பி எங்களுக்குக் கிடைத்திருக்க மாட்டாள். ஆனால் பெரிய நாய்களை அடுக்குமாடிக்குள் விட்டவர்கள், அவை எங்கே ஓடும் என்பதையும் சேர்த்து யோசித்திருக்க வேண்டாமா?

பொது இடத்தில் கயிறு கட்டாயம், மீறினால் 5,000 வெள்ளி வரை அபராதம். இந்தச் சட்டத்தை நான் குறை சொல்லவில்லை. எதிர்வீட்டு மக்சிக் (மலாய் அம்மா) மேல் நாய் உரசக் கூடாது. நாங்கள் லிஃப்டில் இருந்தால் அவர் அடுத்த லிஃப்டுக்குக் காத்திருப்பார், கறுப்பி எப்படி இருக்கிறாள் என்று மட்டும் தூரத்திலிருந்து விசாரிப்பார். நாயைப் பார்த்து அழும் பிள்ளைகளும் எங்கள் புளோக்கில் உண்டு. நல்ல வேலி அவர்களுக்கும்தான் பாதுகாப்பு.

பத்து மீட்டர் நீளக் கயிறு வாங்கிப் பார்த்தேன். பூங்காக்களை இணைக்கும் பார்க் கனெக்டர் பாதையில் ஒரு சைக்கிள் சக்கரத்தில் மாட்டி, அது என் உள்ளங்கையைக் கிழித்த தழும்பு இன்னும் இருக்கிறது. வேறு டாக் ரன்னுக்குப் போகலாமே என்பீர்கள். பீஷானில் இருக்கிறது, வெஸ்ட் கோஸ்ட்டில் இருக்கிறது, காத்தோங்கில் இருக்கிறது. எங்களிடம் கார் இல்லை. பேருந்திலும் எம்ஆர்டியிலும் வழிகாட்டி நாய்களைத் தவிர மற்ற நாய்களை ஏற்ற முடியாது. நாயை ஏற்றிக்கொள்ளும் வாடகைக் காருக்குப் போக வர நாற்பது வெள்ளிக்குக் குறையாது. கார் வைத்திருப்பவரின் நாய் மட்டும்தான் ஓடலாமா?

தெருநாய்களைப் பிடித்து, கருத்தடை செய்து, வீடு தேடிக் கொடுக்கும் திட்டம் 2018 நவம்பரில் தொடங்கியது. தத்தெடுங்கள் என்று எங்களைக் கேட்டார்கள். ராத்திரியில் காட்டோரம் நின்று சோறு வைத்து, ஒவ்வொரு நாயாகப் பழக்கிப் பிடிக்கும் தொண்டூழியர்களை நான் பார்த்திருக்கிறேன். நாங்களும் தத்தெடுத்தோம். சிப் போட்டோம், உரிமம் எடுத்தோம், பயிற்சி வகுப்புக்கும் போனோம். அதற்குப் பிறகு அந்த நாய் எப்படி வாழ்கிறது என்று கேட்க ஆள் இல்லை. மக்கள் கேட்டால் மாறாது என்றும் இல்லை. வீவக வீடுகளில் பூனை வளர்க்க 2024 செப்டம்பரில் அனுமதி வந்ததே, அதற்காக எத்தனை வருஷம் எத்தனை பேர் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்!

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னியுங்கள். நான் கேட்பது பெரிய செலவு இல்லை. இரட்டைக் கதவு. வெளிக்கதவு மூடிய பிறகுதான் உள்கதவு திறக்க வேண்டும், நடுவில் ஓர் ஆளும் ஒரு நாயும் நிற்க இடம் இருந்தால் போதும். வேலி இப்போது என் இடுப்பு உயரம்தான், அதை ஆறடியாக்குங்கள். முடிந்தால் காலையில் ஒரு மணி நேரம், பயந்த நாய்கள் ஒவ்வொன்றாக வந்துபோக ஒதுக்குங்கள். மூன்றும் ஒரே நேரத்தில் முடியாது என்றால் முதலில் இரட்டைக் கதவு. அதுவரைக்கும் அந்தக் கொண்டியையாவது இந்த வாரமே மாற்றிக் கொடுங்கள்.

உங்களில் யாராவது ஒருவர் சனிக்கிழமை காலை ஆறரைக்கு வந்தால், கதவு எப்படித் திறந்துகொள்கிறது என்று நேரிலேயே காட்டுகிறேன். கறுப்பியைக் கயிற்றோடுதான் கூட்டி வருவேன்.

பணிவன்புடன்,
கறுப்பியின் வீட்டுக்காரி