மிலான் விளக்கு அரங்கில் உதவிய அண்ணனுக்கு நன்றி

அண்ணே, 2025 ஏப்ரலில் மிலான் அறைகலன் கண்காட்சியில், யூரோலூச்சே விளக்கு அரங்கில் ஊழியர் அட்டையோடு நின்றீர்கள். பெயர் தெரியாததால் இந்தப் பதிவு.

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் மர அலமாரிக்கு எல்இடி பட்டை ஒட்டுகிறவர்களுக்குப் பழகிய தொல்லை இது: டிரைவர் (பட்டைக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் பெட்டி) இருக்கும் பக்கம் பளிச்சென்று எரியும், போகப்போக மங்கும். அதைப் பேசிக்கொண்டு நின்றோம். தமிழ் காதில் விழுந்ததும் நீங்களே வந்து, மண்டியிட்டு, காட்சிக்கு வைத்த அலமாரியின் பால்நிற மூடியை உருவிக் காட்டினீர்கள்.

உள்ளே அலுமினியச் சட்டம், அதன்மேல் 24 வோல்ட் பட்டை, இரு முனையிலும் மின் இணைப்பு. மீட்டருக்கு 14.4 வாட் என்றால் 5 மீட்டருக்கு 72 வாட். 12 வோல்ட்டில் 6 ஆம்பியர் ஓடும், 24-ல் 3 தான். மெல்லிய செம்புத் தடத்தில் மின்னழுத்தம் விழுவதும் பாதியாகிறது. டிரைவரை முழுச் சுமையில் ஓட்டாமல் 100 வாட் போடச் சொன்னீர்கள். வெறும் மரத்தில் ஒட்டினால் சூடு வெளியேறாது, பசை விடும், எல்இடியின் ஆயுளும் குறையும் என்று சட்டத்தைத் தொட்டுப் பார்க்கவும் வைத்தீர்கள்.

கடலோர வீடு என்றதும், “316 ரகத் துருப்பிடிக்காத எஃகுத் திருகு போடுங்க, டிரைவரைக் காற்றோட்டமா வைங்க” என்றீர்களே, அது எந்த விலைப்பட்டியலிலும் இல்லாத அக்கறை. விற்க வந்த இடத்தில் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தீர்கள். மனமார்ந்த நன்றி அண்ணே. குமரிப் பக்கம் வந்தால் எங்கள் பட்டறைக்கு வாருங்கள். தேக்கிலும் அயனியிலும் செய்த அலமாரிகளை நீங்கள் பார்த்துச் சொல்ல வேண்டும்.