கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்புகிறேன்

திண்டுக்கல்,
ஞாயிறு மாலை

சென்னி,

நலம். வீட்டில் தங்கச்சியும் பேரனும் நலம்தானே? மழை அங்கே எப்படி? இங்கே பெய்கிற மாதிரி பாவனை காட்டிவிட்டுப் போய்விடுகிறது.

தவளை உன்னிடம் உளறிவிட்டான் என்பது உன் வாய்ஸ் மெசேஜைக் கேட்டதுமே தெரிந்துவிட்டது. மூன்று நிமிடம் நாற்பது விநாடி. அதில் ‘எப்படி இருக்கே’ என்பது ஒரே ஒரு தடவை, அதுவும் கடைசியில். மற்றதெல்லாம் வசவு. தெரியாத்தனமாக ஸ்பீக்கரில் போட்டுவிட்டேன். சரசு வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே முழுவதையும் கேட்டுவிட்டு, “சரியாத்தானே கேக்கிறாரு” என்றாள்.

ஆமாம், மாரடைப்பு வந்தது. புரட்டாசிக் கடைசியில், விடியற்காலை நாலு மணிக்கு. வாயுப்பிடிப்பு என்று நினைத்துப் பெருங்காயத்தை மோரில் கரைத்துக் குடித்துவிட்டு, அரை மணி நேரம் திண்ணையில் ஏப்பத்துக்காகக் காத்திருந்தேன். ஏப்பம் வரவில்லை, வேர்வை வந்தது. இடது கை கனத்தது. சரசுதான் 108-க்குப் போன் போட்டாள். ஒரு அடைப்பு, ஒரு ஸ்டென்ட், நாலு நாள் படுக்கை. அந்த அரை மணி நேரத்தை நான் வீணடித்திருக்கக் கூடாது, சென்னி. உனக்கு எப்போதாவது அப்படி வந்தால் பெருங்காய டப்பாவைத் தேடாதே.

சிகரெட்டைப் பற்றி நீ கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். முப்பது வருஷம் ஊதியது நான்தான், வேறு யாருமில்லை. விட்டாயிற்று. வாய்க்கொழுப்புதான் ரத்தக்குழாய்க்கு இறங்கிவிட்டது என்று மெசேஜில் சொன்னாயே, அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இது போனில் பேசுகிற விஷயமில்லை. பேசினால் நீ என்னை முடிக்க விடமாட்டாய். 2023-இல் தேங்காய் விலை படுத்துக் கிடந்தபோது ஒரு மனு அனுப்பினாயே, ‘ரேஷன் கடைகளில் பாமாயிலுக்குப் பதில் தேங்காய் எண்ணெய் வழங்குக’ என்று? ஓய்வுபெற்ற ரேஷன் கடைக்காரன் கையெழுத்தும் இருந்தால் எடுப்பாக இருக்கும் என்று எனக்கும் ஒரு படிவம் வந்தது. அப்போது போடாமல் விட்டது சோம்பல். அப்புறம் உனக்குப் பதில் எழுதாமலே இருந்தது வெட்கம். காப்பீட்டு அட்டைக்காக டிரங்குப் பெட்டியைக் கிளறியபோது சரசு அதையும் எடுத்துவந்துவிட்டாள். இந்தத் தடவை சோம்பலும் இல்லை, வெட்கமும் இல்லை. போடமாட்டேன். படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன்.

கிழிப்பதற்கு முன்னால் மொரீஷியஸ் கதையைக் கேள்.

என் மகள் மலர் சமூக மருத்துவம் (ஒரு ஆளுக்கில்லை, ஊருக்கே வைத்தியம்) படித்தவள் என்றுதான் உனக்குத் தெரியும். அவளுக்கு என்ன வேலை என்று எனக்கே ஆஸ்பத்திரியில் படுத்த பிறகுதான் தெரிந்தது. ராத்திரி பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தவளிடம், “பதினஞ்சு வருஷம் ஊருக்கே பாமாயில் ஊத்துனேன், அந்தப் பாவந்தான் போல” என்று சும்மா சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. மொரீஷியஸைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கிற தீவு. நம் ஆட்களின் வழிவந்தவர்கள் இன்னும் அங்கே காவடி எடுக்கிறார்கள். அங்கேயும் அரசாங்கம் ரேஷன் எண்ணெய் கொடுத்தது, அதுவும் பெரும்பாலும் பாமாயில்தான். அங்கேயும் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, மாரடைப்பு. 1987-இல் அந்த ரேஷன் எண்ணெயைச் சோயா எண்ணெயாக மாற்றிவிட்டார்கள். அந்த வருஷம் ஐயாயிரம் பேருக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், 1992-இல் மறுபடியும் அதே அளவுக்குப் பார்த்தார்கள். சராசரிக் கொலஸ்ட்ரால் நம் ஊர் லேப் கணக்கில் 213-லிருந்து 182-க்கு வந்திருந்தது. எனக்கு மாத்திரை போட்டு இறக்கப் பார்க்கிறார்களே, அந்த மாதிரி ஓர் இறக்கம், ஒரு நாட்டுக்கே!

உடனே குதிக்காதே. அதே காலத்தில் அங்கே வேறு பிரசாரங்களும் நடந்தன. சிகரெட்டும் குறைந்தது. முழுக்க எண்ணெயால்தான் என்று ஆய்வு செய்தவர்களே சொல்லவில்லை. உடம்பு எடை கூடத்தான் செய்தது, சர்க்கரை நோயும் குறையவில்லை. மலர் இதையெல்லாம் மறைக்காமல் சொன்னாள், அதனால்தான் மற்றதையும் நம்பினேன். ஆனால் எண்ணெய் விஷயத்தில் அந்தத் தீவுக்காரன் எவனும் எதையும் தீர்மானிக்க வேண்டியிருக்கவில்லை, பார். வழக்கம்போலக் கடைக்குப் போனான், கொடுத்ததை வாங்கினான், தாளித்தான்.

எனக்குத் தூக்கம் போனது அங்கேதான். எனக்கு டாக்டர் சொன்னது, உனக்குச் சொல்லப்போவது, நம் சுந்தரத்துக்குச் சொல்ல நேரமில்லாமலே போனது, எல்லாம் ஒன்றுதான்: எண்ணெயைக் குறை, உப்பைக் குறை, நட. சுந்தரம் போனது ஐம்பத்திரண்டு வயதில். மற்ற நாட்டுக்காரர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 59-இல் வந்தால், நம் துணைக்கண்டத்துக்காரர்களுக்கு 53-இலேயே வந்துவிடுகிறது என்று ஒரு பெரிய ஆய்வில் கண்டிருக்கிறார்கள். சுந்தரம் பேராசைக்காரனா, வாயைக் கட்டாதவனா? வீட்டில் போட்டதைச் சாப்பிட்டான். வீட்டில் எது கட்டுப்படியானதோ அதைப் போட்டார்கள். எது கட்டுப்படியாகும் என்பதை யாரோ ஒரு டெண்டரில் தீர்மானித்திருந்தார்கள்.

அந்த டெண்டரின் கடைசிக் கண்ணி நான். 2007-இல் பாமாயில் வந்த நாளிலிருந்து, ஓய்வு பெறும் நாள்வரை. லாரி வந்து இறக்கும்போதே அட்டைப்பெட்டியின் அடி ஈரமாக இருக்கும், எங்கேயோ ஒரு பாக்கெட் ஒழுகுகிறது என்று அர்த்தம். அந்தக் குறைவும் என் தலையில்தான். சிமெண்ட் தரையில் சாக்கைப் போட்டு மிதித்துத் துடைத்தாலும் செருப்பு ஒட்டும். கடைசி ரெண்டு வருஷம் மெஷினில் ரேகை வைக்க வேண்டுமே, கிழவிகள் பாக்கெட்டைத் தடவிப் பார்த்த கையோடு விரலை வைப்பார்கள், மெஷின் பிசுபிசுத்துப் போய் யார் ரேகையும் விழாது. வேட்டி நுனியால் துடைத்துத் துடைத்து எனக்கு ஒரு வேட்டி எப்போதும் அந்த மஞ்சளிலேயே இருந்தது. லிட்டர் 25 ரூபாய். சந்தையில் எந்த எண்ணெய் அந்த விலைக்குக் கிடைக்கும்? பாமாயில் வரவில்லை என்றால் அன்றைக்குக் கடைக்கு முன்னால் சண்டை. வேண்டாதவர்கள் வாங்கி பஜ்ஜிக் கடைக்குக் கொடுத்துவிடுவார்கள். சாயங்காலம் நானும் அதே கடையில் நின்று ரெண்டு வாழைக்காய் பஜ்ஜி தின்பேன். போன எண்ணெய் திரும்பி வந்தது, அவ்வளவுதான்.

இப்போது உன் தேங்காய்க்கு வருகிறேன். பாமாயிலில் உறைகிற கொழுப்பு (டாக்டர்கள் ‘நிறைவுற்ற கொழுப்பு’ என்பது) நாற்பது சதவீதத்துக்கு மேல் என்றால், உன் தேங்காய் எண்ணெயில் தொண்ணூறு. மார்கழியில் உன் கடையில் பாட்டிலை வெயிலில் வைத்துத்தானே ஊற்றுகிறாய்? பதினாறு பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்து 2020-இல் ஒரு ஆய்வு வந்தது. தேங்காய் எண்ணெய் நல்ல கொழுப்பைக் கொஞ்சம் ஏற்றுகிறது, கெட்ட கொழுப்பை அதைவிட அதிகமாக ஏற்றுகிறது. உன் தாத்தா தொண்ணூறு வயது வரை இருந்தார் என்று ஆரம்பிப்பாய், தெரியும். அவர் காங்கயம் சந்தைக்கு மாட்டை ஓட்டிக்கொண்டு நடந்தே போனவர். நீ வீட்டிலிருந்து கொப்பரைக் களத்துக்கே புல்லட்டில் போகிறவன். துவையலில் விழுகிற தேங்காயைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. 2 கோடிக்கு மேல் கார்டு, மாதம் ஒரு லிட்டர் என்று அரசாங்கமே ஊற்றுகிற எண்ணெய் அதுவாக இருக்கக் கூடாது என்கிறேன்.

“அப்போ தென்னை விவசாயி சாகட்டுமா?” இதற்கு என்னிடம் பதில் இல்லாமல்தான் ஒரு வாரம் இந்தக் கடிதத்தைத் தள்ளிப்போட்டேன். மலர்தான் பின்லாந்தைச் சொன்னாள்.

அங்கே வடக்கு கரேலியா என்று ஒரு மாவட்டம். ஒரு காலத்தில் உலகத்திலேயே ஆண்கள் இதயநோயில் அதிகம் செத்த இடங்களில் ஒன்று. மரம் வெட்டுகிறவன், மாடு வளர்க்கிறவன், நாற்பது, ஐம்பதில் போய்விடுவான். ரொட்டிக்கு வெண்ணெய், குடிக்கக் கொழுப்பெடுக்காத பால், எல்லாவற்றிலும் உப்பு. 1971-இல் அந்த ஊர்க்காரர்கள் அரசாங்கத்துக்கு ஒரு மனு கொடுத்தார்கள் (பார், மனுதான்!). 1972-இல் வேலை தொடங்கியது. பெக்கா புஸ்கா என்ற டாக்டரைப் பொறுப்பில் போட்டார்கள், அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. நம் பையன்கள் அந்த வயதில் இன்ஸ்டாகிராமில் இருக்கிறார்கள். அவர் ஊர் ஊராகப் போய் மாதர் சங்கத்துப் பெண்களைப் பிடித்தார். கறிகாய் சேர்த்துச் சமைத்து விருந்து போட்டார்கள். கொலஸ்ட்ராலைக் குறைப்பதில் கிராமத்துக்குக் கிராமம் போட்டி வைத்தார்கள், நாம் கபடிக்கு வைக்கிற மாதிரி. சாசேஜ் செய்கிறவர்களிடம் பேசி, பன்றிக்கொழுப்பைக் கொஞ்சம் குறைத்துக் காளானைச் சேர்க்க வைத்தார்கள்.

ஆனால் அந்த ஊருக்கே சோறு போட்டது பால்மாடு. வெண்ணெய் தின்னாதே என்று வெண்ணெய் விற்கிறவனிடமே சொல்ல முடியுமா? எதிர்ப்பு பலமாகவே இருந்தது. அப்புறம் என்ன செய்தார்கள் தெரியுமா? அந்தக் குளிரிலும் விளைகிற பெர்ரிப் பழங்களைப் பயிரிட மாட்டுக்காரர்களுக்கே உதவினார்கள். ஒருவகைக் கடுகிலிருந்து எண்ணெய் எடுக்கும் தொழிலும் அந்த நாட்டில் வளர்ந்தது. நாற்பது வருஷத்தில், உழைக்கிற வயது ஆண்கள் இதயநோயில் சாவது அங்கே எண்பது சதவீதத்துக்கும் மேல் குறைந்திருக்கிறது. ஸ்டென்ட் பிறகு வந்தது, சிகிச்சையும் ஒரு பங்கு. ஆனால் பெரும் பங்கு கொலஸ்ட்ரால், ரத்தக்கொதிப்பு, சிகரெட் மூன்றும் இறங்கியதால்தான்.

அதனால் உன்னிடம் கேட்கிறேன். உனக்கு ரெண்டு செக்கு இருக்கிறது. ஒன்றில் கொப்பரை, இன்னொன்றில் கடலை. கடலெண்ணெயில் உறைகிற கொழுப்பு இருபது சதவீதத்துக்குள். நல்லெண்ணெயில் அதைவிடக் கொஞ்சம் குறைவு. தேங்காய் நாருக்கும் இளநீருக்கும் சோப்புக்கும் அரசாங்கத்திடம் எவ்வளவு வேண்டுமானாலும் கேள், நான் முன்வரிசையில் வந்து உட்காருகிறேன். ரேஷன் பாக்கெட்டுக்குக் கடலையைக் கேட்போம். விலை உதைக்கும், தெரியும். செக்குக் கடலெண்ணெய் இருநூறைத் தாண்டி நிற்கிறது, அரசாங்கம் முழு லிட்டருக்கும் மானியம் கொடுத்தால் கஜானா வழுக்கிவிடும். முதலில் கலப்பு எண்ணெயாகக் கொடுக்கட்டும், ஒரு மாவட்டத்தில் மட்டும் கொடுத்து ரத்தம் எடுத்துப் பார்க்கட்டும். வறுமைக்கோட்டில் நிற்கிறவனிடம் “ஆலிவ் ஆயில் வாங்கிக்கோ” என்று சொல்லிவிட்டுப் போகிற டாக்டர்களைப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

மலர் இன்னொன்றும் சொன்னாள். பெரிய ஆபத்தில் இருக்கிற கொஞ்சம் பேரைவிட, சின்ன ஆபத்தில் இருக்கிற ஏராளமான பேரிடமிருந்துதான் அதிக நோயாளிகள் வருகிறார்கள் என்று ஜெஃப்ரி ரோஸ் என்ற ஆங்கிலேய டாக்டர் 1985-இலேயே எழுதியிருக்கிறாராம். என் கடை வாசலில் நின்ற வரிசை ஞாபகத்துக்கு வந்தது. ஆயிரத்துச் சொச்சம் கார்டு. அதில் யாருக்கு வரும் என்று எனக்குத் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. வரிசையில் நின்ற எல்லோருக்கும் ஒரு லிட்டர்.

மற்றபடி நடக்கிறேன், காலையில் குளக்கரைவரை. சரசு உப்பை அளந்து போடுகிறாள். ரசம் வெந்நீர் மாதிரி இருக்கிறது, வாயைத் திறக்கவில்லை. ஊறுகாய் ஜாடி எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டேன், ஆனால் தொடவில்லை. இதுவரை.

படிவத்தின் பின்பக்கம் வெற்றாகத்தான் இருந்தது. அதில் என் மனுவை எழுதியிருக்கிறேன். நீ திருப்பி அனுப்பியதும் கலெக்டர் ஆபீஸில் ஒரு திங்கட்கிழமை கொடுக்கிறதாக உத்தேசம். முதல் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறேன். செக்குக்காரன் கையெழுத்து இருந்தால் எடுப்பாக இருக்கும். திட்டுவதென்றால் அதற்குக் கீழே எழுதித் திட்டு, போனில் வேண்டாம், சரசு கேட்டுவிடுகிறாள்.

தைக்கு வருகிறாய் அல்லவா? கடலெண்ணெய் ரெண்டு லிட்டர் கொண்டுவா. காசு வாங்கிக்கொள்ள வேண்டும்.

உன்
காளிமுத்து

பி.கு.: தவளைக்கு அவன் தொலைத்த அந்தக் குடை இன்னும் கிடைக்கவில்லையாம். ஸ்டென்ட் வைத்தவனைப் பார்க்க வந்தவன், கட்டிலுக்கு அடியில் குனிந்து தேடிவிட்டுப் போகிறான்.