மின்னஞ்சல் கணக்கை அவரவர் கையாலேயே தொடங்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பிளஸ் டூ முடிவுகள் வந்ததும் பொறியியல் கலந்தாய்வானாலும், தேர்வாணையத்தின் ஒருமுறைப் பதிவானாலும், விண்ணப்பத்தில் கைப்பேசி எண்ணோடு மின்னஞ்சல் முகவரியையும் கேட்கிறார்கள். முகவரி இல்லாத பிள்ளைகளைப் பெற்றோர் அவசர அவசரமாகப் பிரவுசிங் சென்டருக்கு அழைத்துச் செல்ல, அங்கே ஐந்து நிமிடத்தில் யாரோ ஒருவர் ஒரு கணக்கைத் தொடங்கிக் கொடுத்துவிடுகிறார். அப்படித் தொடங்கிய கணக்குகள் பின்னால் படுத்தும் பாட்டை நேரில் பார்த்து வருவதால் இதை எழுதுகிறேன்.

நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் சனிக்கிழமை காலைகளில், கேட்டு வருகிறவர்களுக்கு மின்னஞ்சல் தொடங்கக் கற்றுக்கொடுக்கிறேன். சென்ற ஆண்டு கல்லூரிச் சேர்க்கை நேரத்தில் ஒரு மாணவி கலங்கிய முகத்தோடு வந்தாள். கல்லூரியிலிருந்து மின்னஞ்சல் அனுப்பியிருப்பதாகத் தொலைபேசியில் சொல்லிவிட்டார்கள். அவளால் அதைத் திறக்க முடியவில்லை. கடவுச்சொல்லைக் கடைக்காரர் விண்ணப்பப் படியின் பின்புறம் பென்சிலால் எழுதித் தந்திருந்தார். நடுவில் இருந்தது பூஜ்யமா, ஆங்கில ‘ஓ’ எழுத்தா என்று எங்கள் இருவருக்கும் புலப்படவில்லை. இரண்டையும் போட்டுப் பார்த்தோம், திறக்கவில்லை. கடவுச்சொல் மறந்துவிட்டது என்ற இடத்தை அழுத்தினால், ஓடிபி அந்தக் கடைக்காரரின் எண்ணுக்குப் போகிறது. வேலை சீக்கிரம் முடியட்டும் என்று தம் எண்ணையே அவர் கொடுத்திருக்கிறார். கடை பூட்டியிருந்தது. மாலையில் அவர் வந்து திறக்கும் வரை அந்தப் பெண் வெயிலில் கடை வாசலிலேயே நின்றாள். அவர் கெட்ட எண்ணத்தில் செய்ததாக நான் கருதவில்லை. ஆனால் கடவுச்சொல் மறந்தால் ஓடிபி வந்து சேரும் மீட்பு எண் யாருடையதோ, கணக்கின் சாவியும் அவரிடம்தான் இருக்கிறது என்பதை அவளுக்கு யாருமே சொல்லியிருக்கவில்லை.

புதிதாகத் தொடங்க வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, ஆண்ட்ராய்டு கைப்பேசி வைத்திருக்கிறீர்களா என்பதுதான். பிளே ஸ்டோரிலிருந்து செயலிகளை இறக்கக் கூகுள் கணக்கு வேண்டும் என்பதால், கைப்பேசி விற்ற கடையிலேயே ஒரு ஜிமெயில் முகவரியைத் தொடங்கிப் போட்டிருப்பார்கள். பிளே ஸ்டோரைத் திறந்து மேலே வலது மூலையிலுள்ள வட்டத்தைத் தொட்டால் அந்த முகவரி தெரியும். “எனக்கு ஈமெயிலெல்லாம் கிடையாதும்மா” என்று சொன்ன பெரியவர் ஒருவருக்கு இப்படிக் காட்டியபோது, தம் பெயர் இருப்பதைப் பார்த்துத் திகைத்துப்போனார். அந்தக் கணக்கின் கடவுச்சொல் தெரியாமல் கைப்பேசியை முழுவதும் அழித்து மறுபடி தொடங்க நேர்ந்தால், பழைய கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டு அது பூட்டிக்கொள்ளக்கூடும். ஆகவே ஏற்கெனவே முகவரி இருப்பவர்கள் புதிதாக ஒன்றைத் தொடங்குவதைவிட, கடவுச்சொல்லை மாற்றி, மீட்பு எண்ணைத் தம் எண்ணாக ஆக்கிக்கொள்வதே முதல் வேலை.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் பதிவுப் பக்கத்தின் அடியில் மொழியைத் தமிழுக்கு மாற்றிக்கொள்ளலாம். பெயர் கேட்கும் இடத்திலேயே நம்மவர்கள் தயங்கி நின்றுவிடுகிறார்கள். குடும்பப் பெயர் என்ற வழக்கம் நம்மில் பெரும்பாலோருக்கு இல்லை. அந்த இரண்டாவது கட்டத்தில் இனிஷியலைப் போடலாம், வெறுமையாகவும் விடலாம். முகவரிக்கு வெறும் பெயர் கிடைப்பது அரிது என்பதால், பெயரோடு இனிஷியலையும் ஊரின் சுருக்கத்தையும் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறேன். எல்லோரிடமும் காட்டப்போகும் முகவரியில் பிறந்த தேதியைச் சேர்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஜிமெயிலில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடு இல்லை, இடையில் வைக்கும் புள்ளியும் கணக்கில் வராது; ஆனால் விண்ணப்பத்தில் முகவரிக்கு முன்னால் மூன்று டபிள்யூ எழுதுவதும், இடையில் ஓர் இடைவெளி விழுந்துவிடுவதும் கடிதத்தை வந்து சேராமல் செய்துவிடும்.

பிறந்த ஆண்டை அவசரத்தில் தவறாகத் தேர்ந்தெடுத்து, 13 வயது நிரம்பாதவர் என்று ஆகிவிட்டால் கணக்கு முடங்கக்கூடும். கடவுச்சொல் குறைந்தது 8 எழுத்துகள் இருக்க வேண்டும். அதை எங்கும் எழுதி வைக்காதீர்கள் என்று பலர் அறிவுரை கூறுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. புதிதாகப் பழகுகிறவர்கள் வீட்டில் ரேஷன் அட்டையோடு பத்திரமாக இருக்கும் ஒரு நோட்டில், பூஜ்யத்தின் குறுக்கே கோடு போட்டுத் தெளிவாக எழுதி வைக்கட்டும். மீட்பு எண்ணாகத் தாய் அல்லது தந்தையின், என்றும் மாறாத எண்ணைக் கொடுப்பது நல்லது. ரீசார்ஜ் செய்யாமல் விட்ட எண் சில மாதங்களில் வேறொருவருக்குப் போய்விடக்கூடும். கடையின் கணினியில் திறந்தவர்கள், கடவுச்சொல்லைச் சேமிக்கவா என்று அது கேட்கும்போது மறுத்து, கணக்கிலிருந்து வெளியேறிய பிறகே எழுந்திருக்க வேண்டும்.

தொடங்கிய கணக்கை அப்படியே விட்டுவிடவும் கூடாது. இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத கணக்குகளை நீக்கலாம் என்று கூகுள் 2023-இல் விதி வகுத்திருக்கிறது. இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி இடத்தைக் கைப்பேசியிலிருந்து கூகுள் கணக்கில் சேமிக்கப்படும் புகைப்படங்களும் பங்கிட்டுக்கொள்கின்றன. அது நிரம்பிவிட்டால் புதிய கடிதங்கள் வருவது நின்றுவிடும்.

அரசுக்கு என் வேண்டுகோள் பெரியது அன்று. பிளஸ் ஒன் மாணவர்களுக்குப் பள்ளிக் கணினி அறையில் ஒரே ஒரு பாடவேளை ஒதுக்கி, ஒவ்வொரு பிள்ளையும் தன் கையால், வீட்டு எண்ணைக் கொடுத்து, தன் கணக்கைத் தொடங்கச் செய்ய வேண்டும். இ-சேவை மையங்களில் பிறர் எண்ணை மீட்பு எண்ணாகப் பதியக் கூடாது என்று ஒரு அறிவிப்பு எழுதி ஒட்ட வேண்டும். தங்கள் நாளிதழும் தேர்வு முடிவுகள் வெளிவருவதற்கு முந்தைய வாரத்தில், பதிவுப் பக்கங்களின் படங்களை வரிசையாகத் தமிழ் விளக்கத்துடன் ஒரு பக்கத்தில் வெளியிட்டால், அதைக் கத்தரித்து எங்கள் நூலகச் சுவரில் ஒட்டிவைத்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
திருவாரூர் மாவட்டம்.