பட்டாலையைத் திறந்துவிட்டவர்களுக்கு ஒரு நன்றி மடல்

காரைக்குடி வட்டாரத்து உறவுகளுக்கு வணக்கம்.

மனைவியை அடிக்கிற, மிரட்டுகிற ஆண்கள் அதை நிறுத்துவதற்காக நடத்திய குழு 26 ஞாயிற்றுக்கிழமைகளை முடித்திருக்கிறது. துணை நின்றவர்களுக்கு நன்றி சொல்லவே இந்த மடல். யார் பெயரும் இதில் இல்லை. பெயர் தெரிந்தால் எந்த வீடு என்பதும் தெரிந்துவிடும்.

முதல் நன்றி ஆச்சிக்கு. உங்கள் வீட்டுக் கூடமான பட்டாலையில் 14 நாற்காலியை வட்டமாகப் போட்டோம். வருகிறவர்கள் 12, நடத்துகிறவர்கள் ஓர் ஆணும் ஒரு பெண்ணும். பன்னிரண்டைத் தாண்டினால் இரண்டு மணி நேரத்தில் ஒருவருக்குப் பத்து நிமிடம்கூடக் கிடைக்காது, வாய் திறக்காமலே ஒருவர் தப்பிவிடுவார். மாலையில் வைத்தால் குடித்துவிட்டு வருவார்கள் என்றுதான் காலை 7 மணிக்குச் சாவி கேட்டோம். அப்படியும் குடித்து வந்தவரை உள்ளே விடவில்லை. ஆனால் அவரைத் திருப்பி அனுப்புமுன் அவர் மனைவிக்குத் தகவல் போய்விடும். இல்லாவிட்டால் அந்த ஆத்திரம் வீட்டில் இறங்கும்.

வீடு ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடிகிறது, நாங்கள் தனியாகப் பேசவேண்டிய மனைவிமாரைப் பின்வாசல் வழியாக வரச்சொல்லலாமே என்றீர்கள். நல்ல மனசு ஆச்சி. ஆனால் கணவன் உட்கார்ந்திருக்கும் கூரையின்கீழ் எந்தப் பெண்ணும் மனம் திறக்கமாட்டாள். அவர்களைச் சந்திக்க வேறு நாளில் தன் இடத்தைக் கொடுத்த தையல் டீச்சருக்கு அதனால்தான் தனி நன்றி.

தமிழ் ஐயாவுக்கு நாங்கள் பட்ட கடன் பெரிது. ‘கை பட்டுருச்சு’, ‘கோவம் வந்துருச்சு’, ‘சண்டை முத்திப்போச்சு’ என்றுதான் எல்லோரும் தொடங்கினார்கள். “எழுவாய் எங்கே?” என்று கேட்கச் சொன்னவர் ஐயா. யார் கை? யார்மேல்? எத்தனை முறை? பிள்ளைகள் எங்கே நின்றார்கள்? ‘நான் அவளைக் கன்னத்தில் இரண்டு முறை அறைந்தேன், மகள் கதவோரம் நின்று பார்த்தாள்’ என்று வாக்கியம் வந்து நிற்கச் சில வாரம் ஆகும். அதற்குள் பக்கத்து நாற்காலிக்காரர் ‘பொம்பளைக வாயும் அப்படித்தானே’ என்று சிரிப்பார். நடத்துகிறவர் அந்த நொடியே நிறுத்திக் கேட்கவேண்டும். சும்மா இருந்தால் சம்மதம் என்றே எடுத்துக்கொள்வார்கள். முதலாளி திட்டும்போது அடங்குகிற கோபம் வீட்டில் மட்டும் ஏன் அடங்கவில்லை என்ற கேள்வியும் அங்கிருந்துதான் பிறந்தது.

ஊருணிக்கரை டீக்கடை அண்ணனுக்கும் நன்றி. உடம்பு முறுக்கேறுவதை, தாடை இறுகுவதை, காது சுடுவதை உணர்ந்ததும் ‘ஒரு மணி நேரம் வெளியே போய் வருகிறேன்’ என்று மட்டும் சொல்லிக் கிளம்புவது குழுவில் கற்றுக்கொள்ளும் பழக்கம். மனைவியிடம் இதை முன்கூட்டியே சொல்லியிருக்கவேண்டும். வண்டி எடுக்கக்கூடாது, டாஸ்மாக் பக்கம் போகக்கூடாது. நேரம் முடிந்ததும் போன் செய்து, வரலாமா என்று கேட்கவேண்டும். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அடகு வைத்த நகையைப் பற்றி அவள் கேட்டதும் இதைச் சாக்காக வைத்து நழுவியவர்களும் உண்டு. கேட்ட கேள்விக்குத் திரும்பிவந்து பதில் சொல்லாவிட்டால் அதுவும் அடக்குமுறையே. கரையில் உட்கார்ந்தவர்களை அண்ணன் ஒரு வார்த்தை விசாரித்ததில்லை.

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பொறுமையாக விளக்கிய பாதுகாப்பு அலுவலருக்கு நன்றி. நீதிமன்றம் தரும் பாதுகாப்பு ஆணையை மீறினால் ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம் என்று கேட்டபோது பட்டாலை அமைதியானது. குழுவுக்கு வருவதைக் காட்டிப் புகாரைத் திரும்பப் பெறச்சொல்லக்கூடாது என்று நாங்கள் உறுதியாக நிற்க அவர்தான் பலம். வருகைச் சான்றிதழ் யாருக்கும் கொடுக்கவில்லை. ‘சேர்ந்து வாழுங்க’ என்று இருவரையும் ஒரே இடத்தில் உட்காரவைத்துப் பேசும் வழக்கத்தைக் கைவிட்ட பெரியவர்களுக்கும் வணக்கம். அடிக்கிறவன் எதிரே அவள் சொல்லும் உண்மைக்கு வீட்டில் தண்டனை கிடைக்கும்.

வந்த ஆண்களுக்கு மாலை போடவில்லையே என்று சிலர் வருத்தப்பட்டார்கள். அடிக்காமல் இருப்பது பாராட்டுக்குரிய சாதனை அல்ல. அவர்கள் மாறினார்களா என்பதை மனைவிமார்தான் சொல்லமுடியும். அந்த மனைவிமார் எங்களிடம் சொன்ன ஒரு சொல்லும் குழுவுக்குள் போகவில்லை. குழுவுக்குப் போகிறார் என்பதற்காக அவர் திருந்திவிட்டார் என்று நம்பிவிடாதீர்கள் என்று முதல் சந்திப்பிலேயே சொன்னோம். பெண்கள் உதவி எண்ணான 181ஐ மனப்பாடமாக வைத்துக்கொள்ளவும், ஆதார், ரேஷன் அட்டை, பாஸ்புக் நகல்களை நம்பகமான ஒரு வீட்டில் கொடுத்துவைக்கவும் சொன்னோம். பயத்தோடு பேச வந்த தாய்மார்களே, உங்கள் காலடிக்கு எங்கள் நன்றி.

அடுத்த குழு சித்திரையில் தொடங்குகிறது ஆச்சி. சாவி மறுபடியும் வேண்டும்.