பத்து ரூபா காயினும் ஒன்றரை ஸ்பூன் சர்க்கரையும்

அன்புள்ள எருமைக்கு,

உன் மெயில் வந்து ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு, நீ திட்டிக்கிட்டு இருப்பன்னு தெரியும். வாட்ஸ்அப்ல ரெண்டு வரி தட்டி விட்டிருக்கலாம், ஆனா நீ கேட்டது ரெண்டு வரில அடங்குற விஷயம் இல்ல, சரி ஞாயித்துக்கிழமை உக்காந்து எழுதுவோம்னு பாத்தா ஒவ்வொரு ஞாயிறும் ஒரு வேலை வந்துருது, போன வாரம் மாமியாருக்கு கண் ஆபரேஷன், அதுக்கு முந்துன வாரம் நாத்தனார் வீட்டு காதுகுத்து. இன்னைக்கு காலைலருந்து கரண்ட் இல்ல, லேப்டாப்ல 40 பர்சென்ட் சார்ஜ் இருக்கு, அது தீர்றதுக்குள்ள முடிச்சிர்றேன்.

பையன் பெங்களூர்ல வேலைக்கு சேந்தது ரொம்ப சந்தோஷம்டி. ரசம் கூட வைக்கத் தெரியாம தினமும் ஆர்டர் பண்ணி சாப்பிடுறான்னு எழுதியிருந்தியே, எங்க ஸ்பெஷல் ஸ்கூலுக்கு அனுப்பி வை, ஆறு மாசத்துல ரசம் வைக்க வச்சிர்றேன். ஜோக் இல்ல, எங்க பெரிய பசங்க ரெண்டு பேரு வைக்கிறாங்க.

உன் தங்கச்சி பொண்ணு விஷயத்துக்கு வர்றேன். பதினொரு வயசாகியும் ஏபிசிடி முழுசா வரல, டவுன் சிண்ட்ரோம் புள்ளைக்கு உங்க ஸ்கூல்ல என்னதான் சொல்லித்தருவீங்கன்னு கேட்டிருந்த. நான் ட்ரெயினிங் எடுத்த காலத்துல எங்க கையில குடுத்தது எம்டிபிஎஸ், மெட்ராஸ் டெவலப்மென்டல் ப்ரோக்ராமிங் சிஸ்டம், புள்ளைக்கு என்ன வருது, அடுத்து என்ன சொல்லித்தரணும்னு பாக்குற பட்டியல், ஜெயச்சந்திரனும் விமலாவும் சேந்து நம்ம சென்னைல போட்டது. 18 தலைப்பு, ஒவ்வொண்ணுலயும் 20 திறமை, மொத்தம் 360 வரி. சாப்பிடுறது, டிரஸ் போடுறது, டாய்லெட் போறது, தலை சீவுறது, காசு, நேரம், வீட்டு வேலை, கடைகண்ணிக்கு போய் வர்றதுன்னு போகும். எழுத, படிக்க, நம்பர், இந்த மூணும் அதுல வெறும் மூணு தலைப்புதான் பாத்துக்க. ஆனா அட்மிஷனுக்கு வர்ற அம்மா அப்பா பத்துல எட்டு பேரு முதல்ல கேக்குறது "எப்ப மிஸ் எழுதுவான்?"தான். ரைம்ஸ் பாடுவான், இருவது பறவை பேரு சொல்லுவான், பேண்ட் ஜிப் போடத் தெரியாது. நான் அவங்கள குத்தம் சொல்லல, நாளைக்கு சொந்தக்காரங்க முன்னாடி பாடி காட்ட ரைம்ஸ் இருக்கு, ஜிப் போடுறத யாருகிட்ட போய் காட்டுவாங்க.

இப்ப என் கிளாஸ்ல ஒருத்தன் இருக்கான், பதினேழு வயசு, ஆட்டிசம். பேரு வேண்டாம், தம்பின்னே எழுதுறேன். அவனுக்கு டீ போட சொல்லிக்குடுத்தேன். நீயும் நானும் அடுப்படில நின்னா அஞ்சு நிமிஷ வேலை, ஆனா ஒவ்வொண்ணா பிரிச்சு எழுதுனா 23 ஸ்டெப் வந்துச்சுடி. பால் பாக்கெட்ட வெட்டுறதுக்கே தனியா அஞ்சு. பாக்கெட்ட டம்ளர்ல நிமித்தி வைக்கணும், ஒரு மூலைய கிள்ளி புடிக்கணும், பால கீழ தள்ளணும், கத்தரிக்கோல சாய்ச்சு வைக்கணும், அப்புறம் வெட்டணும். முதல் வாரம் பூரா என் சேலைல ஆவின் வாசனைதான்.

இதுல ஒரு சூட்சுமம் இருக்கு, உன் தங்கச்சிக்கு கட்டாயம் சொல்லு. முதல் ஸ்டெப்ல ஆரம்பிக்கக் கூடாது, கடைசி ஸ்டெப்ல ஆரம்பிக்கணும். இருபத்திரெண்டையும் நான் பண்ணிட்டேன், தம்பி பண்ணது டம்ளர எடுத்துட்டுப் போயி எச்எம் டேபிள்ல வைக்கிறது மட்டும். அவங்க குடிச்சிட்டு "நல்லாருக்குடா"ன்னாங்க. அது பழகுன பிறகு ஊத்துறதும் அவனே, அப்புறம் வடிகட்டுறதும், அப்பிடியே பின்னாடியிருந்து முன்னாடி வரணும். பேக்வர்ட் செய்னிங்னு சொல்லுவோம். முன்னாடியிருந்து வந்தா பாதில அவனுக்கு சலிச்சிரும், விட்டுட்டு ஓடிருவான், பின்னாடியிருந்து வந்தா எல்லா நாளும் முடிச்ச திருப்தி அவனுக்குத்தான். பாவாடை கட்ட, செருப்பு மாட்ட, எதுக்கு வேணும்னாலும் இதே வழிதான். பனியன தலை வழியா நீ மாட்டி கைய நுழைச்சி விடு, வயித்துல இழுத்து விடுறத மட்டும் அவ பண்ணட்டும், அங்கருந்து தொடங்கலாம்.

நான் சொதப்புனதையும் சொல்றேன், இல்லைன்னா இவ என்னமோ பெரிய இவன்னு நினைச்சுக்குவ. தம்பிக்கு குளிக்க சொல்லிக்குடுத்தப்ப ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் நான் "அடுத்து?"ன்னு கேட்டுட்டே இருந்தேன். தண்ணி ஊத்துவான், "அடுத்து?", சோப்பு எடுப்பான், "அடுத்து?". சூப்பரா போச்சு, அம்மாகிட்ட பெருமையா சொல்லி அனுப்பிட்டேன். அந்த ஞாயித்துக்கிழமை அவங்க போன் பண்ணி அழுறாங்க, புள்ள உடம்பெல்லாம் சோப்போட பாத்ரூம்ல இருவது நிமிஷமா நிக்கிறான், தண்ணி ஊத்தவே மாட்டேங்கிறான்னு. எனக்கு பக்குன்னு ஆயிருச்சு. அவன் கத்துக்கிட்ட லிஸ்ட்ல "அடுத்து"ங்கிற என் குரலும் ஒரு ஸ்டெப்பு, அது வரல, அவன் நின்னுட்டான், அவ்ளோதான். கைய புடிச்சு செய்ய வச்சா கூட பிறகு மெதுவா கைய எடுத்துரலாம், முழங்கைல லேசா தொடு, அப்புறம் சும்மா கைய காட்டு, அப்புறம் அதுவும் வேண்டாம். வாய்ல சொல்லி பழக்கிட்டா எடுக்குறதுக்குள்ள உயிர் போயிரும். அந்த "அடுத்து"வ எடுக்க எனக்கு ரெண்டு மாசம் ஆச்சு. வாய மூடிட்டு நிக்கிறது நமக்கு எவ்ளோ கஷ்டம்னு ஹாஸ்டல்ல என்கூட இருந்த உனக்குத் தெரியாதா.

காசு கதை இன்னும் மோசம். நோட்ட கலர் வச்சு சொல்லிக்குடுத்தேன், 50 நீலம், 100 ஊதா, 200 மஞ்சள், 500 சாம்பல், புடிச்சுக்கிட்டான். ஆனா பழைய 10 ரூபாயும் இன்னும் ஓடுது, புதுசும் ஓடுது, ரெண்டும் வேற கலரு. காயின்ல 1 ரூபாயும் 2 ரூபாயும் எனக்கே கண்ணாடி இல்லாம தெரியாது. இதெல்லாம் தாண்டி, நிஜக் காசு வச்சு பழக்கி (பிளாஸ்டிக் காசு, ஜெராக்ஸ் நோட்டெல்லாம் நான் தொடுறதே இல்ல, அது இன்னொரு பாடமா போயிரும்), ஸ்கூலுக்கு எதுத்தாப்புல இருக்குற பெட்டிக்கடைக்கு பத்து ரூபா பிஸ்கட் வாங்க தனியா அனுப்புனேன். கையில ஒரு பத்து ரூபா காயின். நான் பத்தடி தள்ளி வேப்பமரத்துக்கு பின்னாடி, போன் பாக்குற மாதிரி நிக்கிறேன்.

"பிஸ்கட் ஒண்ணு"ன்னு தெளிவா கேட்டான். கடைக்காரர் எடுத்து வச்சாரு. காயின நீட்டுனான். "தம்பி, பத்து ரூபா காயின் செல்லாது, நோட்டு குடு, இல்லைன்னா ஜிபே பண்ணு."

நம்ம ஊர்ல இந்தக் கூத்து உனக்குத் தெரியும்ல, ரிசர்வ் பேங்க் 2018லயே பதினாலு டிசைனும் செல்லும்னு அறிக்கை விட்டும் இன்னும் வாங்க மாட்டாய்ங்க. தம்பிக்கு செல்லாதுங்கிற வார்த்தையே சிலபஸ்ல இல்லயே. "பத்து"ங்கிறான். "செல்லாதுப்பா." "பத்து." பின்னாடி நாலு பேரு நிக்கிறாங்க, ஒருத்தரு பைக்க ஆஃப் பண்ணாமலே ஹாரன் அடிக்கிறாரு. எனக்கு கால் துறுதுறுன்னு வருது, போகக் கூடாதுன்னு பல்ல கடிச்சிட்டு நிக்கிறேன். தம்பி காயின டப்புன்னு மிட்டாய் பாட்டில் மேல வச்சான், பிஸ்கட்ட எடுத்தான், திரும்பிப் பாக்காம நடந்து வந்துட்டான். கடைக்காரரு கத்துறாரு, நான் ஓடிப்போயி நோட்டு குடுத்து சமாதானம் பண்ணேன்.

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரலடி. அவன் பண்ணதுல எது தப்பு சொல்லு? சட்டப்படி அவன்தான் சரி, கணக்குப்படியும் அவன்தான் சரி. ஆனா மறுநாள் நான் அவனுக்கு என்ன சொல்லிக்குடுத்தேன்னா, வாங்கலைன்னா பிஸ்கட்ட வச்சிட்டு வேற காசு எடு, அதுவும் இல்லைன்னா திரும்பி வா. தப்பா பேசுறவங்ககிட்ட நீ விட்டுக்குடுத்துட்டு வான்னு ஒரு சரியான புள்ளைக்கு பாடம் நடத்தியிருக்கேன். நடத்தாம இருந்தா என்னைக்காவது ஒருத்தன் திருடன்னு சொல்லி கை வச்சிருவான், அந்தப் பயம் எனக்கு. எந்த ட்ரெயினிங்லயும் இதுக்கு பதில் சொல்லல. கடைக்காரரு நல்ல மனுஷன்தான், நான் பொறுமையா போயி பேசுன பிறகு "அந்தத் தம்பி குடுத்தா மட்டும் வாங்கிக்கிறேன் மிஸ்"னாரு. அதுவும் எனக்கு முழுசா சந்தோஷம் இல்ல, அடுத்த தெரு கடைல யாரு வாங்குவா? அதான் இப்ப பர்ஸ்ல ஒரு காயின், ஒரு நோட்டு ரெண்டும் வச்சு, வாரம் ஒரு புதுக் கடைன்னு கூட்டிட்டுப் போறேன்.

இன்னொரு விஷயம், இத உன் தங்கச்சிகிட்ட நீதான் பக்குவமா பேசணும். பதினொரு வயசுன்னா பெரியவளாகுற நேரம் வந்துருச்சு. வந்த பிறகு பாத்துக்கலாம்னு விட்டா அந்தப் புள்ள ரத்தத்த பாத்து அரண்டு போயிரும். இப்பவே ஆரம்பிக்கச் சொல்லு. நாங்க ஜட்டில பேடு வைக்க வேண்டிய எடத்துல சிவப்பு நூல்ல ஒரு கட்டம் தைச்சு குடுத்துருவோம், அதுக்குள்ள ஒட்டணும். சும்மா ஒரு மணி நேரம் பேடு வச்சு பழக்கணும், அந்த உறுத்தல் பழகுறதுக்கே நாளாகும். குங்குமத் தண்ணிய ரெண்டு சொட்டு விட்டு, இப்பிடி ஆனா மாத்தணும்னு காட்டணும், பேப்பர்ல சுத்தி குப்பைல போடணும், கதவ சாத்தணும், கை கழுவணும். காலண்டர்ல ஸ்டிக்கர் பொட்டு. யாருகிட்ட சொல்லலாம்னு மூணு பேரு போட்டோ, அம்மா, பெரியம்மா, மிஸ், அவ்ளோதான், வேற யாருகிட்டயும் இல்ல.

கர்ப்பப்பைய எடுத்துரலாம்னு யாரோ சொந்தக்காரங்க யோசனை சொன்னதா எழுதியிருந்தியே, எனக்கு கோவம் தலைக்கு ஏறிருச்சு. 1994ல மகாராஷ்டிரால ஷிரூர் அரசு காப்பகத்துல இருந்த மனவளர்ச்சி குன்றிய பொண்ணுங்களுக்கு அப்பிடி பண்ணி நாடே கொந்தளிச்சது ஞாபகம் இருக்கா? வேதனை என்னன்னா, எந்த வேலைக்கு ஆபரேஷன்னு சொல்றாங்களோ அத எங்க ஸ்கூல்ல நாலு பொண்ணுங்க சுத்தமா தன்னால பண்ணிக்கிறாங்க. ஒருத்திக்கு எட்டு மாசம் ஆச்சு, ஒருத்திக்கு மூணு வருஷம் ஆச்சு. ஆனா வந்துச்சு. அந்தச் சொந்தக்காரங்கள என்கிட்ட அனுப்பு, நான் பேசிக்கிறேன்.

சார்ஜ் 9 பர்சென்ட் காட்டுது. மறந்துட்டேன், நிராமயா இன்சூரன்ஸ் எடுத்துட்டாளான்னு கேளு, இந்த மாதிரி புள்ளைங்களுக்காக மத்திய அரசு நடத்துற நேஷனல் டிரஸ்ட்டோடது, 1 லட்சம் வரைக்கும் மருத்துவ செலவு வரும், தெரபிக்கும் உண்டு. பதினெட்டு முடியும்போது கார்டியன்ஷிப்புக்கு, அதாவது சட்டப்படி அவளுக்குப் பாதுகாவலரா இருக்குறதுக்கு, மனு போடுற வேலை ஒண்ணு இருக்கு, அத அப்ப பேசிக்கலாம்.

பொங்கலுக்கு மதுரை வர்றேன்னு சொன்னியே, ஸ்கூல் லீவு விடுறதுக்கு முந்தின நாள் வா. தம்பி டீ போடுவான். சர்க்கரை ஒன்றரை ஸ்பூன், அது அவன் லிஸ்ட்ல இருக்கு. சுகர் இருக்கு, அரை ஸ்பூன் போடுன்னெல்லாம் கேட்டுப் பாத்துராத, எச்எம்மே கேட்டு கேட்டு ஓஞ்சு போயி இப்ப பேசாம குடிக்கிறாங்க.

உன் ரூம்மேட்