தாவர நஞ்சும் நத்தையின் திசுக்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நன்னீர் நத்தைகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், ‘தாவரச் சாறு நத்தைகளை மட்டுமே கொல்லும், மற்ற உயிர்களுக்குத் தீங்கில்லை’ என்று எழுதியிருந்தது என்னை மிகவும் வருத்தியது.

நத்தைத் திசுக்களை மெழுகில் பதித்து, மெல்லிய சீவல்களாக்கி, நுண்ணோக்கியில் பார்ப்பதே நெடுங்காலம் என் பணி. சப்போனின் என்னும், சோப்புபோல் நுரைக்கும் தாவரப் பொருள் மிகுந்த சாற்றில் கிடந்த நத்தையின் செரிமானச் சுரப்பியில், குழல்களின் செல்கள் வீங்கி, உள்ளே குமிழ்கள் பெருகி, கடைசியில் சிதைந்து உதிர்ந்து கிடப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். பாதத்தின் மேல்தோல் பிய்ந்து, சளிச் செல்கள் வெறுமையாகி, தசைநார்கள் விலகி நிற்கும். விந்தும் முட்டையும் சேர்ந்து உருவாகும் இருபால் சுரப்பியும் சிதைவதால், பிழைத்த நத்தைகூட முன்போல் முட்டையிடுவதில்லை. தங்கள் கட்டுரையோ செத்த நத்தைகளை எண்ணியதோடு நின்றுவிட்டது.

சப்போனின் செல் சவ்வின் கொலஸ்ட்ராலோடு பிணைந்து அதைக் குலைக்கிறது என்பது தாங்கள் அறியாததல்ல. மீனின் செவுள் செல்களிலும் அதே கொலஸ்ட்ரால்தான் இருக்கிறது. எத்தியோப்பியாவில் எண்டோட் என்னும் செடியின் சப்போனின் மிகுந்த காய்களால் துணி துவைத்த இடத்தில் நத்தைகள் செத்துக் கிடந்ததை 1964இல் அந்நாட்டு அறிவியலாளர் அக்லிலு லெம்மா கவனித்தார். அந்தக் காய் மீனுக்கும் நஞ்சே. ஈரல் புழுவையும், ஒட்டுண்ணிப் புழுவால் வரும் நத்தைக் காய்ச்சலையும் பரப்பும் நத்தைகளைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பதிலோ, நத்தைகளைக் கொல்லப் பயன்படும் நிக்ளோசமைடு என்னும் வேதிப்பொருளும் மீன்களைக் கொல்லும் என்பதிலோ எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. தாவர நஞ்சு நீரில் விரைவில் சிதைவது நல்லதுதான். ஆனால் சிதையும்வரை அது நஞ்சுதானே?

முன்பொரு இதழில் அரளிச் சாற்றையும் இப்படித்தான் ‘இயற்கையானது’ என்று பரிந்துரைத்தீர்கள். அரளி மனிதனின் இதயத்தையே நிறுத்தக்கூடியது என்று அப்போதே விரிவாக எழுதினேன். வெளியிடவும் இல்லை, பதிலும் இல்லை. இம்முறை படமும் தவறு: கொம்பு நுனியில் கண் உள்ள தரை நத்தையை அச்சிட்டிருக்கிறீர்கள். கட்டுரை பேசும் குளத்து நத்தைக்குக் கண் கொம்பின் அடியில் இருக்கும்.

அடுத்த இதழில் ஒரே ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்: ‘தாவரச் சாறு மீன்களையும் கொல்லும், அளவு தெரியாமல் குளத்தில் கலக்க வேண்டாம்.’

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்