‘ஃபசீஷஸ்’ என்றால் நகைச்சுவை அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்கும்போது ‘ஃபசீஷஸ்’ (facetious) என்ற சொல்லை ‘நகைச்சுவையான’ என்று எழுதினால் பொருள் கெட்டுவிடும். இன்று அச்சொல் பெரும்பாலும் குறைகூறத்தான் பயன்படுகிறது: கனமான விஷயம் பேசும் இடத்தில், நேரங்காலம் பார்க்காமல் அடிக்கும் கேலி. நீதிமன்றச் செய்தியில் ‘பொறுப்பில்லாத கேலி’, பேச்சுவழக்கில் ‘விளையாட்டுப் பேச்சு’ என்றால் சரியாக நிற்கும். ‘சர்காஸ்டிக்’ வேறு. அது ஆளைக் குத்துவது. சதையைக் கிழிப்பதைக் குறிக்கும் கிரேக்க வினையிலிருந்து வந்தது.

ஃபசீஷஸின் பிறப்பு கௌரவமானது. லத்தீனில் ‘ஃபகேட்டுஸ்’ என்றால் நயமும் நாகரிகமும் உள்ள என்று பொருள். கி.மு. 55-இல் சொற்பொழிவுக் கலை பற்றி எழுதிய ரோமானியப் பேச்சாளர் சிசரோ, நகைத்திறனை இரண்டாகப் பிரித்தார்: பேச்சு முழுதும் சீராகப் பரவியிருப்பது ஒன்று, சுருக்கென்று தைக்கும் குறுமொழி மற்றொன்று. எவ்வளவு நுட்பமான பகுப்பு! பிரெஞ்சு வழியாக 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்கு வந்தபோதும் நயமான பேச்சு என்ற பொருள் அதற்கு இருந்தது. பிறகுதான் தேய்ந்தது. 19ஆம் நூற்றாண்டுப் புத்தக வியாபாரிகள் ஆபாச நூல்களைக்கூட அதே வேரில் பிறந்த ‘ஃபசீஷியே’ (facetiae) என்ற தலைப்பில் பட்டியலிட்டார்கள்.

உச்சரிப்பில் அழுத்தம் ‘சீ’ மேல் விழ வேண்டும், ‘ஃபாசெட்டியஸ்’ தவறு. எழுத்துக்கூட்டலில் தடுமாறும் மாணவர்களுக்கு ஒரு வழி: ஏ, ஈ, ஐ, ஓ, யூ (a, e, i, o, u) என்ற ஐந்து ஆங்கில உயிரெழுத்துகளும் இதில் அதே வரிசையில், ஒவ்வொன்றும் ஒரே முறை வருகின்றன.

அன்புடன்,
ஒரு வாசகர்